நான் முடிச்சுப் போட்டு வைத்த தண்ணீர்

மீன் ரூமில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் உங்களுக்கு எல்லாம் காட்டுவார்கள். செருப்பை எங்கே கழற்றுவது, கையை எப்படிக் கழுவுவது, எந்த வலையை எந்தத் தொட்டியில் விடக்கூடாது, எந்த ஸ்விட்சைத் தொட்டால் மேடம் கத்துவார் என்று. ஒன்றை மட்டும் யாரும் காட்ட மாட்டார்கள். பக்கத்தில் நின்று வேலை செய்கிற ஆளைப் பார்த்து ஒரு நாள் வயிறு எரியும். அன்றைக்கு என்ன செய்வது? புதிதாகச் சேர்ந்த உங்களிடம் பேச என்னைக் கூப்பிட்டவர்கள் “உங்க அனுபவத்த நாலு வார்த்த சொல்லுங்க” என்றார்கள். எனக்கு நாலு வார்த்தையில் பேச வராது. எழுதவும் வராது. நான் சொல்வதை உங்களில் ஒரு பெண் போனில் பிடித்து எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். எங்காவது தப்பு இருந்தால் அவளைக் கேளுங்கள்.

நான் மரக்காணத்து உப்பளத்து ஆள். பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை. மீசை முளைக்கும் முன்பே பாத்தியில் இறங்கிவிட்டேன். உப்பு இறங்கிய பிறகு மிச்சம் நிற்கிற தண்ணீரில் ஒரு கசப்பு ஏறும். அதை வெளியே விடாமல் வைத்திருந்தால் அடுத்த உப்பும் கசக்கும். எப்போது விடுவது என்று கண்ணால் பார்த்துச் சொல்வார்கள் சிலர். நான் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துச் சொல்லுவேன். “டேய் தேசிங்கு, வந்து நக்கிப் பாருடா” என்று நாலு பாத்தி தள்ளி இருந்தெல்லாம் கூப்பிடுவார்கள். கேலிதான். ஆனால் கூப்பிடுவார்கள் இல்லையா? அது ஒரு மரியாதை.

இந்த மீன் ரூமுக்கு நான் வந்ததும் அந்த உப்பளத்தால்தான். பாத்தியில் தண்ணீர் கெட்டியாகும்போது சிவப்பாக, தூசு மாதிரி ஒரு பூச்சி ஓடும். கண்ணுக்கு இறால் குஞ்சு மாதிரி இருக்கும். இங்கே ஆராய்ச்சிக்காக மேடம் வளர்க்கிற கோடு போட்ட சின்ன மீனுக்கு அந்தப் பூச்சியின் குஞ்சுதான் விருந்து. முட்டையை டப்பாவில் வாங்கி உப்புத் தண்ணீரில் போட்டுப் பொரிக்க வேண்டும். பொரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். யாரோ என்னைக் காட்டிவிட்டார்கள். பொம்மையார்பாளையத்துக்குப் பக்கத்தில் ஆராய்ச்சிக் கூடம். மரக்காணத்திலிருந்து ஒரே பஸ். ஜன்னல் சீட்டு கிடைத்தால் கடல் காற்றில் தூங்கிக்கொண்டே வரலாம். வெயிலில் உப்பு வாருகிற பலகை இழுத்தவனுக்கு, ஏசி ரூமில் மீனுக்குச் சோறு போடுகிற வேலை. எங்கள் தெருவில் எத்தனை பேர் என்னைப் பார்த்து வயிறு எரிந்தார்கள் தெரியுமா? அப்போது எனக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

சரி, ரேக் விஷயத்துக்கு வருகிறேன்.

ஜன்னல் ஓரமாக ஒரு ரேக் இருக்கிறது பாருங்கள், பச்சை அட்டை ஒட்டியிருக்கும். அதுதான் ஆபரேஷன் ரேக். மேடம் மீனை மயக்க மருந்துத் தண்ணீரில் விட்டு, அது அசைவில்லாமல் ஆனதும், நனைத்த பஞ்சில் ஒரு கீறல் போட்டு அதில் மல்லாக்கப் படுக்க வைப்பார். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே நெஞ்சைக் கொஞ்சமாகத் திறந்து, உறைய வைத்த ஒரு கம்பி நுனியால் இதயத்தை ஒரு ஓரமாகத் தொடுவார். தொட்ட இடம் செத்துப்போகும். மனிதனுக்கு ஹார்ட் அட்டாக் வந்தால் எப்படி ஒரு பக்கம் செத்துப்போகுமோ, அதே மாதிரி வேண்டுமென்றே செய்வது. அந்த இதயம் ஒரு எள் அளவு, அவ்வளவுதான். ஆனால் இந்த மீனுக்கு, செத்த இடத்தில் புது சதை வளர்ந்துவிடும். ரெண்டு மாசத்தில் எங்கே காயம் இருந்தது என்றே தேட வேண்டியிருக்கும். எப்படி வளர்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை தொட்டி, இத்தனை மோட்டார், நீங்கள், நான் எல்லாம்.

மேடம் தொட்டு முடித்ததும் மீன் நம் கைக்கு வரும். அதற்கு மூச்சு இருக்காது. நல்ல தண்ணீரில் விட்டு, சின்னக் குழாயால் செவுளில் தண்ணீரைப் பீச்சிக்கொண்டே இருக்க வேண்டும். வேகமாகப் பீச்சினாலும் போச்சு, விட்டு விட்டுப் பீச்சினாலும் போச்சு. செவுள் ஒரு தடவை தானாகத் திறந்து மூடும் பாருங்கள், அந்த நொடிக்காகத்தான் நான் அத்தனை வருஷம் பஸ் ஏறி வந்தேன். திறந்ததும் நாக்கைத் தட்டி ‘ச்சு’ என்று ஒரு சத்தம் கொடுப்பேன். நான் பார்த்த மீன் செத்தது குறைவு. மேடம் தலையை நிமிர்த்தாமலே கையை நீட்டுவார், மீனை என் கையில் வைப்பார், அடுத்ததை எடுப்பார். யார் வாங்குகிறார்கள் என்று பார்க்கவே மாட்டார். அந்தக் கை நீட்டலுக்கு நான் உரியவன் என்று ஒரு கர்வம் எனக்கு.

ஒரு ஐப்பசி மாசம், புயல் வருகிறது என்று டிவியில் சொன்னார்கள். கரண்ட் போனால் சுத்தமான தண்ணீர் எடுக்கிற மெஷின் ஓடாது. அதனால் மீனுக்கு வேண்டிய தண்ணீரை முன்கூட்டியே கலந்து, கேன்களில் ஊற்றி மூடி வைத்தேன். வெறும் சுத்தத் தண்ணீர் இந்த மீனுக்கு ஆகாது, ஒரு துளி உப்பு வேண்டும். நம் வாய்க்கு அது உப்பு என்றே தெரியாது. என் வாய்க்கு மட்டும், நுனி நாக்கில் லேசாக ஒரு ஓரம் தட்டும். அப்படித் தட்டினால் சரியான பதம். டிரம்மில் கலக்கும்போது மேடம் பார்க்காத நேரம் ஒரு விரல் தொட்டு வைத்துக்கொள்வேன். மீட்டர் இருந்தது, அதையும் பார்ப்பேன், கடமைக்கு. கேன் மூடியைச் சுற்றி உப்பு மூட்டை கட்டுகிற சணலால் ஒரு முடிச்சு. எங்கள் அளத்து முடிச்சு அது, இழுத்தால் இறுகும், அவிழ்க்கத் தெரிந்தவன்தான் அவிழ்க்க முடியும்.

புயல் வரவில்லை. மறுநாள் காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்குத்தான் வந்தது.

நெஞ்சில் யாரோ உப்பு மூட்டையை வைத்த மாதிரி இருந்தது. மற்றதெல்லாம் ஆஸ்பத்திரிக் கதை, எல்லாரும் ஒரே மாதிரி சொல்கிற கதை, விட்டுவிடுகிறேன். டாக்டர் ஒரு படத்தைக் காட்டினார். என் இதயம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் மட்டும் வேலைக்கு வந்துவிட்டுச் சும்மா நிற்கிற ஆள் மாதிரி நின்றது.

“அந்த எடம் தழும்பாயிடுச்சு. இனிமே அது வேல செய்யாது. மீதி இருக்கறத வெச்சி ஓட்டணும்” என்றார்.

“வளராதா சார்?”

“எது?”

“சதை. புதுசா.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “வளராதுங்க. உப்பக் கொறைங்க.”

என் வயிற்றெரிச்சல் அங்கேதான் ஆரம்பித்தது. சுண்டு விரல் நீளம்கூட இல்லாத ஒரு மீன். அதற்கு வளரும். எனக்கு வளராது. நான் பொரித்துப் போட்ட பூச்சியைத் தின்று, நான் பீச்சிய தண்ணீரில் மூச்சு வாங்கி வளர்ந்த மீன்.

உப்பு விஷயம் வேறு. உப்பளத்துக்காரனுக்கு உப்பைக் குறை என்று சொன்னால் எப்படி இருக்கும்? கருவாடு போச்சு, ஊறுகாய் போச்சு, அப்பளம் போச்சு. என் சம்சாரம் அஞ்சலை டாக்டர் சொன்னதைச் சாமி வாக்கு மாதிரி எடுத்துக்கொண்டாள். எனக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி. மாட்டுக்குக் கழனித் தண்ணி வைக்கிற மாதிரி என் முன்னால் ஒரு குழம்பை வைப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் மட்டும் மத்தி மீன் குழம்பு சாப்பிடுவாள்.

“கொஞ்சம் மறைவா உக்காந்து தின்னுடி” என்பேன்.

“ஏன், நீ பாக்கறதால எனக்கு வயித்த வலிக்குமா?” என்பாள்.

பொங்கல் கழித்து வேலைக்குத் திரும்பினேன். தூக்கக்கூடாது, ஏறக்கூடாது, வேகமாக நடக்கக்கூடாது. சரி, மீன் தூக்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டு ரூமுக்குள் போனேன். ஆபரேஷன் ரேக் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். கூனிமேட்டுப் பெண், மெஹருன் என்று பெயர், எல்லாரும் மெஹரு என்று கூப்பிட்டார்கள். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது சேர்த்திருக்கிறார்கள்.

மேடம் என்னிடம் அன்பாகத்தான் சொன்னார். “தேசிங்கண்ணா, நீங்க கொஞ்ச நாள் பூச்சி பொரிக்கற வேலைய மட்டும் பாருங்க. ரேக்க மெஹரு பாத்துக்கட்டும். அப்பறம் யோசிப்போம்.”

அப்புறம் யோசிப்போம். பெரிய இடத்துக்காரர்கள் இப்படிச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று உப்பளத்திலேயே கற்றுக்கொண்டவன் நான். அந்த ரேக் போனால் நான் யார்? பூச்சி பொரிக்கிற கிழவன். நான் பொரிப்பேன், அவள் ஊட்டுவாள்.

அவள் வேலையைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. மேடம் தலை நிமிராமல் கையை நீட்டினார். மெஹரு வாங்கினாள். “பிஸ்மில்லா” என்று முணுமுணுத்துக்கொண்டு இடது கையால் பீச்சினாள். இடது கை! அந்த மீன் என்னிடம் மூச்சு விடுவதற்கு எடுத்துக்கொள்கிற நேரத்தை விடச் சீக்கிரம் விட்டது. அது எனக்கு இன்னும் எரிந்தது. செத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்குமா என்று கேட்காதீர்கள். பதில் எனக்கே பிடிக்காது.

அவள் என்னிடம் மரியாதையாகத்தான் இருந்தாள். “இன்னாண்ணே, இந்த வலைய இங்க மாட்டவா, அங்க மாட்டவா?” என்று ஒவ்வொன்றுக்கும் கேட்பாள்.

“ஏம்மா, எல்லாத்தயும் புடுங்கிக்கினே. வலை மாட்டறதுக்கு மட்டும் என்னை எதுக்குக் கேக்கற?” என்றேன் ஒரு நாள்.

அவள் சிரித்தாள். “புடுங்கிக்கினது நான் இல்லண்ணே. உங்க நெஞ்சு.”

வாய் பொல்லாத பெண். பிறகு மூன்று நாளோ நாலு நாளோ அவளிடம் பேசவில்லை.

இப்போது அந்தக் காலைப் பற்றிச் சொல்கிறேன். மேடம் ஒரு பெரிய குரூப் மீனுக்கு ஆபரேஷன் ஆரம்பித்திருந்தார். முந்தின நாள் பாதி முடிந்து, அந்த மீன்கள் ரேக்கில் தனித்தனித் தொட்டியில் இருந்தன. மீதிப் பாதி அன்றைக்கு. நான் பொரித்த பூச்சியை வடிகட்டிக் கொண்டுபோய் வைக்கும்போது பார்த்தேன். முந்தின நாள் மீன்கள் அடியில் கிடந்தன. செவுள் ஓடியது, ஆனால் சோம்பலாக. பூச்சி போட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆபரேஷன் ஆன மீன் ஒரு நாள் இரண்டு நாள் அப்படித்தான் கிடக்கும். எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பக்கம் போய், என் வயிற்றெரிச்சல் ஒரு பக்கம் நின்றது.

டிரம் பக்கம் போனேன். மெஹரு கலந்து வைத்த தண்ணீர். விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

லேசாக ஓரம் தட்டுவது இல்லை, நாக்கு முழுக்க உப்பு. இன்னொரு விரல் வைத்துப் பார்த்தேன். அதேதான். உடம்பு சிலிர்த்துப்போனது. பயத்தில் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் சந்தோஷத்தில்.

“மேடம்! தண்ணில உப்பு எகிறிப் போச்சு. மீனெல்லாம் அடங்கிக் கெடக்குது. ஒடனே தண்ணி மாத்தணும்!”

மேடம் அப்போது ஒரு மீனின் நெஞ்சைத் திறந்து வைத்திருந்தார். கண் மைக்ரோஸ்கோப்பில். எழுந்தால் அந்த மீன் போய்விடும். எழாமல் இருந்தால், நான் சொல்வது நிஜமாக இருந்தால், ரேக்கில் இருக்கிற அத்தனை மீனும் போய்விடும். நிஜமாக இல்லாவிட்டாலும் மாற்றக்கூடாது. நேற்றுத்தான் நெஞ்சைத் திறந்த மீன்கள், வலை போட்டுத் தூக்கினாலே பாதி செத்துவிடும். அத்தனை பேரும் ஒரு நொடி அப்படியே நின்ற மாதிரி இருந்தது. ரூமில் இருந்தது மூன்று பேர்தான்.

மேடம் தலை நிமிரவில்லை. “மெஹரு, மீட்டர் என்ன சொல்லுது?”

மெஹரு ஓடிப்போய் மீட்டரை டிரம்மில் விட்டாள். “சரியாத்தான் மேடம் இருக்குது. தொட்டியிலயும் பாக்கறேன்.” ரெண்டு மூன்று தொட்டியில் விட்டுப் பார்த்தாள். “எல்லாம் சரியாத்தான் இருக்குது.”

“மீட்டர் பொய் சொல்லும்” என்றேன். “நான் உப்புத் தண்ணில பொறந்தவன். என் நாக்கு பொய் சொல்லாது.”

“நாக்கா? அண்ணா, வாய்லயா வெச்சீங்க?” என்றார் மேடம். அப்போதும் தலை நிமிரவில்லை.

“அது இப்ப பெரிய விஷயமா மேடம்? மீன் சாவுது!”

நான் பக்கெட்டைத் தூக்கினேன். காலி பக்கெட்தான். அதற்கே மூச்சு வாங்கியது. மெஹரு ரேக்குக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள். அவளுக்கும் பயம்தான். சேர்ந்து மூன்று மாசம்கூட ஆகவில்லை. மீன் செத்தால் பழி அவள் தலையில். மாற்றிச் செத்தாலும் அவள் தலையில்தான்.

“மாத்தணும்னா மாத்தலாம்ணே” என்றாள். “ஆனா நான் கலந்த தண்ணிய நீங்க நம்பல. இப்ப புதுசா கலந்தாலும் நான்தான் கலக்கணும், அதையும் நம்ப மாட்டீங்க. உங்க தண்ணியவே ஊத்துவோம்.”

“என் தண்ணியா? எங்க இருக்குது?”

குனிந்து ரேக்குக்கு அடியிலிருந்து ஒரு கேனை இழுத்தாள். புயலுக்கு நான் கலந்து வைத்த கேன். மேலே தூசு படிந்திருந்தது. மூடியைச் சுற்றிச் சணல், என் முடிச்சு.

“யாரும் தொடல. அவுக்கவே தெரியல எனக்கு” என்றாள். “நீங்களே அவுங்க. பாத்துட்டு ஊத்தலாம்.”

முடிச்சைத் தொட்டதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. என் கை போட்டது. நெஞ்சு வலிக்கு முந்தின நாள் போட்டது. அவிழ்த்தேன். மூடியைத் திறந்தேன். ஊற்றுவதற்கு முன்னால், பழக்கம் விடுமா, விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

டிரம்மில் இருந்த அதே உப்பு. ஓரம் தட்டுகிற ஜாதி இல்லை. நாக்கு முழுக்க.

மறுபடியும் தொட்டேன். மெஹரு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது நான் கலந்தது. இதில் அவள் கை படவே இல்லை. அப்படியென்றால் எது மாறியது? மீட்டரும் மாறவில்லை, தண்ணீரும் மாறவில்லை. அஞ்சலை எனக்கு வைத்த தனிச் சட்டி ஞாபகம் வந்தது. கருவாடு இல்லாத, ஊறுகாய் இல்லாத அத்தனை நாளும் ஞாபகம் வந்தது.

“இன்னாண்ணே?” என்றாள் மெஹரு.

கேனை மூடினேன். சணலை எடுத்து மறுபடியும் முடிச்சுப் போட்டேன். முடிச்சு சரியாக விழவில்லை.

“மாத்த வேணாம்” என்றேன். “தண்ணி சரியாத்தான் இருக்குது. நான்தான் சரியில்ல.”

மேடம் கையை நீட்டினார். மீன் தயார். மெஹரு என்னைத் தாண்டிப் போய் வாங்கினாள். பிஸ்மில்லா சொன்னாள், பீச்சினாள். நான் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தச் செவுளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது திறந்ததும் என்னை அறியாமல் ‘ச்சு’ என்று ஒரு சத்தம் வந்தது என் வாயிலிருந்து. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காதில் விழுந்திருக்கும்.

அடியில் கிடந்த மீன்கள் அதற்கடுத்த நாள் மேலே வந்தன. நான் பொரித்த பூச்சியை அவள் போட்டாள். தின்றன.

பல நாள் கழித்து அவளைக் கேட்டேன். “ஏம்மா, அந்தக் கேன நீ எனக்குப் பாடம் சொல்லத்தான இழுத்தே?”

“அல்லா மேல சத்தியமா இல்லண்ணே. நீங்க போட்ட சத்தத்துல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நெசமாவே ஊத்தத்தான் இழுத்தேன். நீங்க மட்டும் நாக்குல வெக்காம இருந்திருந்தா, தண்ணி மாத்தறேன்னு பாதி மீனக் கொன்னுருப்போம்.”

பார்த்தீர்களா? நாக்கில் வைத்ததற்கு மேடம் பதறியது சரிதான். நீங்களும் வைக்காதீர்கள், இந்த மீனிடம் நமக்கு ஒட்டக்கூடிய நோய் எல்லாம் இருக்கிறது. ஆனால் இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பொறாமை வந்துவிட்டால் அன்றைக்கு உங்கள் கண், காது, நாக்கு எதையும் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். நீங்கள் பொறாமைப்படுகிற ஆள் உங்கள் வாழ்க்கையில் வருவதற்கு முன்னால் நீங்களே செய்து மூடி வைத்தது ஏதாவது இருக்கும். அதைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரெண்டும் ஒரே மாதிரி இருந்தால் மாறியது நீங்கள்தான். உங்களிடம் அப்படி மூடி வைத்தது ஒன்றும் இல்லையென்றால் இன்றைக்கே ஒன்று செய்து வையுங்கள்.

பொறாமையே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது சொல்லிப் போகிற பொருள் இல்லை. எனக்கும் போகவில்லை.

ரெண்டு மாசம் ஆனதும் மேடம் அந்த குரூப் மீன் சிலவற்றின் இதயத்தை எடுத்து, மெல்லிசாகச் சீவி, சாயம் போட்டுப் பார்த்தார். பார்த்த மீன் தொட்டிக்குத் திரும்பாது, தெரியுமில்லையா? காயம் ஆறிய இதயத்தோடு அது ஒரு நாள்கூட வாழவில்லை. அது தெரிந்தும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. மேடம் என்னையும் மெஹருவையும் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரில் காட்டினார். முதலில் காயம் பட்டு ஒரு வாரமான மீன். ஒரு ஓரம் முழுக்க வேறு நிறம், செத்த இடம். பிறகு நம்முடைய மீன். முழுக்க ஒரே ஆரஞ்சு நிறம், நல்ல சதை. நீலமாக நூல் மாதிரி ஒரு கீற்று மட்டும்.

“அந்த நீலம்தான் தழும்பு” என்றார் மேடம். “கரைஞ்சுக்கிட்டே வருது பாருங்க.”

“என்னோடது எவ்வளவு நீலம் மேடம்?”

அவர் கம்ப்யூட்டரிலிருந்து என் பக்கம் திரும்பினார். “உங்களோடது நெறைய நீலமாத்தான் இருக்கும்ணா.”

“அதுக்கு மட்டும் எப்படி வளருது?”

“பக்கத்துல சாகாம மிச்சம் இருக்கற சதை இருக்கு இல்ல, அது தன் வேலையக் கொஞ்சம் விட்டுட்டு, குஞ்சா இருந்தப்ப இருந்த மாதிரி எளசாகிடுது. எளசானதும் ஒண்ணு ரெண்டாப் பிரியுது. அப்படியே செத்த எடத்துக்குள்ள வளந்து போயிடுது. நம்ம சதைக்கு அப்படித் திரும்ப எளசாகத் தெரியல. தெரியாததால தழும்பு வந்து அடைச்சுக்குது. அதுவும் வரலன்னா அந்த எடம் கிழிஞ்சே போயிடும்.”

திரும்ப இளசாக வேண்டும். அவ்வளவுதானாம். அறுபதை நெருங்குகிறவனிடம் சொல்கிற பேச்சா இது?

அன்றைக்கே மேடம் ரேக் விஷயத்தையும் சொல்லிவிட்டார். ரேக் மெஹருவுக்குத்தான், நிரந்தரமாக. நான் ரிட்டயர் ஆகிறவரை பூச்சி பொரிக்கலாம். “கோவமாண்ணா?” என்று கேட்டார். இல்லை என்றேன். ஆமாம் என்று சொல்லியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

மதியம் பின்பக்கம் வேப்பமரத்தடியில் சோற்று டப்பாவைத் திறந்தேன். அது நோன்பு மாசம். மெஹரு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, வெயிலுக்கு ஒதுங்கி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டப்பாவை மறைத்துக்கொண்டு சாப்பிடப் பார்த்தேன்.

“தின்னுங்கண்ணே, எனக்கு ஒண்ணுமில்ல. இன்னா கொழம்பு?”

“பீர்க்கங்கா. உப்பில்லாதது.”

“ஐயோ பாவம்.”

அந்த ஐயோ பாவம் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“பாவம்லாம் இல்ல மெஹரு. கேளு. மொத ரெண்டு மாசம் மண்ணு மாதிரிதான் இருந்துச்சு. அப்பறம் ஒரு நாளு வெறுஞ்சோத்த வாயில போட்டேன், இனிக்குது. சோறு இனிக்குது! பீர்க்கங்காக்குனு ஒரு ருசி இருக்குது, பச்சையா, மழ பேஞ்ச மொத நாளு மாதிரி. இத்தினி வருசம் உப்பு அத மூடி வெச்சிருந்திருக்குது. கீரை ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி. பால்ல மாடு என்ன மேஞ்சுதுன்னு சொல்லுவேன் இப்ப.”

“நெசமாவா?”

“அந்தத் தண்ணி உப்பா இருந்துச்சுன்னு கத்தனேனே, அது இதால்தான். நாக்கு புதுசாயிடுச்சு. கொழந்த நாக்கு.”

அவள் டப்பாவையே பார்த்தாள். வாயில் எச்சில் ஊறியிருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நோன்பு தொறக்கசொல்ல மொத வாய் கஞ்சிக்கு ஒரு ருசி இருக்கும்ணே” என்றாள். “சொல்லத் தெரியாது, அப்படி ஒரு ருசி. ரெண்டாவது வாய்க்கு அது இருக்காது. வருசம் பூரா அந்த மொத வாய்க்கு ஏங்குவேன். உங்களுக்கு அது தெனம் மூணு வேளையா?”

“மூணு வேளையும்.”

“ஒவ்வொரு வாய்க்குமா?”

“ஒவ்வொரு வாய்க்கும்.”

“சே!” என்றாள். காலால் மண்ணைத் தள்ளினாள். எழுந்தாள். “நோன்பு வாய்க்காரிகிட்ட வந்து இதெல்லாம் பேசறீங்களே, நல்லா இருப்பீங்களா நீங்க?”

விடுவிடுவென்று மீன் ரூமுக்குப் போய்விட்டாள். கதவு சாத்திய சத்தம் மரத்தடி வரை கேட்டது.

அந்தச் சத்தத்தில் என்ன இருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த எரிச்சல் இருக்கிற வீட்டில் எத்தனை நாள் குடியிருந்தவன் நான். ஒரு பீர்க்கங்காய்த் துண்டை எடுத்து வாயில் போட்டு, அவசரப்படாமல் மென்றேன்.